‘வான்டட்லி’ வேண்டாம்: மனமறிந்து செய்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். லீவ் லெட்டர், மெமோவுக்குப் பதில், ராஜினாமா, போலீஸ் புகார், பேங்க் கடிதம் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ரஃப் பேப்பரில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சொல் ‘வான்டட்லி’. ‘ஐ டிட் நாட் டூ இட் வான்டட்லி சார்’ என்று எழுதியிருப்பார்கள். பேச்சில் நமக்கு அது பழகிவிட்டது, யாருக்கும் புரிந்தும் விடுகிறது. ஆனால் கடிதத்தில் எழுத அப்படி ஒரு ஆங்கிலச் சொல் கிடையாது. கம்ப்யூட்டர் அதற்குக் கீழே சிவப்புக் கோடு போடும். சரி, திருத்துவோம் என்று அது காட்டும் வேறு சொல்லைத் தட்டினால் சில சமயம் ‘வான்டன்லி’ வந்து உட்கார்ந்துவிடும். அது இன்னும் பெரிய வம்பு. பின்னால் சொல்கிறேன்.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னதற்கு மெமோ கொடுத்திருந்தார்கள். அதற்கு அவரே செல்போனில் டைப் செய்து ஒரு பதில் அனுப்பிவிட்டார். அதில், வண்டியை எடுக்க ‘வில்ஃபுல்லி’ மறுத்தேன் என்று இருந்தது. “வில்னா விருப்பம், ஃபுல்னா முழுசு. யோசிச்சுத்தான் முடியாதுன்னு சொன்னேன்னு அர்த்தம் வரும்னு நெனச்சேண்ணா” என்றார். தொழிற்சாலைகளுக்கான 1946ஆம் ஆண்டு மாதிரி நிலையாணைகளில் (வேலையிட விதிகளில்) ஒழுங்கீனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு ‘வில்ஃபுல்’ ஆகக் கீழ்ப்படியாமல் இருப்பதுதான் அந்தப் பட்டியலின் முதல் வரி. அந்தத் தம்பி தன் கையாலேயே அந்த வரியை எழுதிக் கொடுத்துவிட்டார். உத்தரவு நியாயமானதா என்று கேட்கவேண்டிய விசாரணையில், அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லவே இரண்டு வாய்தா போனது.

முதல் படி: ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல இத்தனை சொற்கள் இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். அதே பிரிவுகளை நாம் நாள் முழுக்கத் தமிழில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். தம்ளர் உடைந்தது. தம்ளரை உடைத்துவிட்டேன். தம்ளரை உடைத்தேன். தம்ளரை உடைத்துப்போட்டான். இந்த நான்கையும் கேட்ட மாத்திரத்தில், யார்மேல் எவ்வளவு தப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘உடைந்தது’ என்றால் ஆளே இல்லை. ‘உடைத்துவிட்டேன்’ என்றால் கை என்னுடையது, எண்ணம் இல்லை. ‘உடைத்தேன்’ என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி “ஏன்?” என்று வரும். ‘உடைத்துப்போட்டான்’ என்பதில் சொல்கிறவரின் கோபமும் சேர்ந்துவிடுகிறது.

பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில்கூட ஒரு எழுத்தில் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கை, கால் தசைகள் ‘இயக்கு தசை’. குடல் தசை ‘இயங்கு தசை’. நாம் இயக்குவது ஒன்று, தானே இயங்குவது ஒன்று. ஆங்கிலத்தில் அவை ‘வாலண்டரி’, ‘இன்வாலண்டரி’.

ஆகவே முதலில் நடந்ததைத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். தெரிந்தே செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா, திட்டம் போட்டுச் செய்தாரா, வீம்புக்குச் செய்தாரா, மனமுவந்து செய்தாரா, தாமாக முன்வந்து செய்தாரா? ஆறும் ஆறு வேறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி இடம் உண்டு.

ஒரு சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: ‘தன்னிச்சையாக’. அகராதியில் அதற்கு எதிரே ‘வாலண்டரி’ என்று பார்க்கலாம். ஆனால் “செயலாளர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்” என்று சங்கத்தில் புகார் எழுதும்போது நாம் சொல்வது, யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்தார் என்று. அதற்கு ‘யூனிலேட்டரலி’ அல்லது ‘ஆர்பிட்ரரிலி’ என்றுதான் எழுத வேண்டும். ‘வாலண்டரிலி’ என்று போட்டால் செயலாளரைப் பாராட்டியதுபோல் ஆகிவிடும்.

இரண்டாம் படி: அறுந்த வலையை வைத்துக் கேள்வி கேளுங்கள்

என் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை ஒரே சம்பவத்தை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். காசிமேட்டிலிருந்து புறப்பட்ட விசைப்படகு ஒன்று, ஃபைபர் படகுக்காரர் விரித்திருந்த வலைமேல் ஏறிவிட்டது. புரொப்பெல்லரில் சிக்கி வலை அறுந்தது. நஷ்டஈடு கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும். என்ன சொல் போடுவது?

இன்ஜின் நின்றுபோய் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய் மோதியிருந்தால், டிரைவர் செய்தது என்று எதுவுமே இல்லை. ‘தி போட் டிரிஃப்டட்’ (படகு தானே அடித்துக்கொண்டு போனது) என்று படகை எழுவாயாக வைத்து எழுதினால் போதும். நம் ‘உடைந்தது’ மாதிரி.

இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது, அந்த வழியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆனால் இருட்டு, மிதவையில் விளக்கு இல்லை, வலை இருப்பது தெரியாது. இப்போது படகை ஓட்டியது ‘வாலண்டரி’, வலையை அறுத்தது ‘இன்டென்ஷனல்’ இல்லை. ஒரே செயலில் ஒரு பாதிக்கு ஒரு சொல், மறுபாதிக்கு இன்னொன்று. இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். இவருக்கு ‘அன்நோயிங்லி’ சரியாகப் பொருந்தும்.

மூன்றாவதாக, மிதவையைப் பார்த்துவிட்டார். படகில் ஒருவருக்கு நெஞ்சுவலி. சுற்றிப் போனால் அரைமணி நேரம் ஆகும். வலை போகும் என்று தெரிந்தே மேலே ஏற்றினார். இவர் வலையை அறுக்க வேண்டும் என்று போகவில்லை. அறுந்தாலும் பரவாயில்லை, ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று போனார். ‘ஆன் பர்ப்பஸ்’ என்று எழுதினால் அவருக்கு அநியாயம். ‘நோயிங்லி’ என்பதுதான் நேர்மையான சொல். தமிழிலும் இவரை ‘தெரிந்தே’ என்போம், ‘வேண்டுமென்றே’ என்று சொல்ல மாட்டோம்.

வலைக்காரரோடு பழைய தகராறு, வலையைப் பார்த்ததும் ஏற்றினார் என்றால் ‘ஆன் பர்ப்பஸ்’, ‘இன்டென்ஷனலி’ இரண்டும் சரி. முந்தின நாள் டீக்கடையில் உட்கார்ந்து, நாளைக்கு அந்த வலையை அறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றால் ‘டெலிபரேட்லி’. அதற்கு ஆயுதம், ஆள், நேரம் என்று ஏற்பாடும் இருந்தால் ‘பிரீமெடிட்டேட்டட்’. அந்தப் பக்கம் போகாதே என்று சங்கத்தில் இரண்டு முறை சொல்லியும் வீம்புக்குப் போனார் என்றால் ‘வில்ஃபுல்லி’.

அதாவது கேள்விகள் இவை: செய்தது அவரா? வேறு வழி இருந்ததா? தெரியுமா? அதுதான் வேண்டும் என்று நினைத்தாரா? முன்கூட்டியே யோசித்தாரா? தடுத்தும் கேட்காமல் செய்தாரா? எந்தக் கேள்வி வரைக்கும் உங்களால் ‘ஆமாம்’ என்று சாட்சியோடு சொல்ல முடிகிறதோ, அந்த இடத்தில் உள்ள சொல்லை எடுங்கள். மனசுக்குள் சந்தேகம் எவ்வளவு இருந்தாலும், சாட்சி இல்லாத இடத்துக்கு ஏறாதீர்கள். வலைக்காரர் மனுவில் ‘டெலிபரேட்லி’ என்று போட்டுவிட்டால், டீக்கடைப் பேச்சை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

மூன்றாம் படி: ‘வாலண்டரி’யையும் ‘வில்லிங்’கையும் கலக்காதீர்கள்

இரண்டையும் ‘விருப்பத்தோடு’ என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம் இது. ‘வில்லிங்’ மனதைப் பற்றிப் பேசுகிறது: எனக்குச் சம்மதம், முகம் சுளிக்கவில்லை. ‘வாலண்டரி’ சூழ்நிலையைப் பற்றிப் பேசுகிறது: யாரும் கட்டாயப்படுத்தவில்லை, செய்யாமலும் இருந்திருக்கலாம்.

ரத்த வங்கியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அக்டோபர் 1 இந்தியாவில் தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். அன்று முகாமுக்குப் போய் யாரென்றே தெரியாத ஒருவருக்காக ரத்தம் கொடுப்பவர் ‘வாலண்டரி டோனர்’. அம்மாவுக்கு ஆபரேஷன், இரண்டு யூனிட் வாங்கினால் இரண்டு யூனிட் ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லி வரவழைக்கப்படும் மகன் ‘ரீப்ளேஸ்மென்ட் டோனர்’. அவர் எவ்வளவு ‘வில்லிங்’ ஆக இருந்தாலும், உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தாலும், அந்தக் கணக்கில் ‘வாலண்டரி’ ஆக மாட்டார். ஏனென்றால் கொடுக்காமல் இருக்கும் வழி அவருக்கு உண்மையில் இல்லை.

சம்பளச் சீட்டிலும் இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் கட்டாயம். அதற்கு மேல் நாமே எழுதிக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது ‘வாலண்டரி’ பி.எஃப்.

‘வாலண்டியர்’ வேறு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. ஆட்கள் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு மொண்டு கைமாற்றினார்கள். அப்படித் தாமாக முன்வந்து நின்றவர்கள் ‘வாலண்டியர்ஸ்’. அதே இடத்தில் டியூட்டியாக நின்ற அரசு ஊழியர் ‘வில்லிங்’ ஆக, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்திருக்கலாம். அவருக்குக் கடிதத்தில் நன்றி சொல்லும்போது ‘வாலண்டியர்’ என்று எழுதக் கூடாது. ‘வில்லிங்லி’ என்று எழுதினால் அவர் உழைப்பும் தெரியும், உண்மையும் கெடாது.

பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். ஆட்குறைப்பு செய்யும்போது சில இடங்களில் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் ‘வாலண்டரிலி’ என்ற சொல் எங்கேயாவது நடுவில் இருக்கும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. அதே சட்டம், ‘வாலண்டரி ரிட்டயர்மென்ட்’ ஆட்குறைப்பில் சேராது என்றது. அதற்குப் பதிலாக வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அப்படியேதான் சொல்கிறது. பத்து வருடம் உழைத்தவருக்கு 150 நாள் சம்பளம் அந்த ஒரு சொல்லில் போகலாம். நீங்களாக விலகவில்லை என்றால் அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய், விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

போலீஸ் புகாரில் இன்னொரு நுணுக்கம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 39ஆம் பிரிவில் ‘வாலண்டரிலி’ என்பதற்குத் தனியாக அர்த்தம் சொன்னது. ஒரு விளைவை நினைத்துச் செய்தாலும் சரி, இப்படி ஆகக்கூடும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ செய்தாலும் சரி, அது ‘வாலண்டரிலி’தான். அதற்கு அங்கேயே ஒரு உதாரணமும் உண்டு. கொள்ளையடிக்க வசதியாக ராத்திரியில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒருவன் நெருப்பு வைக்கிறான், உள்ளே ஒருவர் இறந்துபோகிறார். கொல்ல அவன் நினைக்கவே இல்லை, வருத்தம்கூடப் படுகிறான். ஆனாலும் சாவு நேரலாம் என்று தெரிந்திருந்தால், அவன் ‘வாலண்டரிலி’ சாவை விளைவித்தவன். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த அர்த்தத்தையே வைத்துக்கொண்டது. நெஞ்சுவலிக்காரரை ஏற்றிவந்த நம் படகு டிரைவர் சாதாரணப் பேச்சில் ‘நோயிங்லி’ மட்டும்தான். சட்டத்தின் பாஷையில் அவர்மேலும் ‘வாலண்டரிலி’ விழலாம். ஆகவே சட்டக் காகிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால், ‘மனமுவந்து’ என்று தமிழில் படித்துவிடாதீர்கள்.

நான்காம் படி: தராசு, வில், குறி

‘டெலிபரேட்’ என்ற சொல்லுக்குள் லத்தீன் ‘லிப்ரா’ இருக்கிறது. நம் துலாம்தான், தராசு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிறுத்துப் பார்த்துச் செய்வது. ‘இன்டென்ட்’ என்பதற்கு லத்தீன் வேர், ஒன்றை நோக்கி நீட்டுவது, இழுப்பது. வில்லை இழுத்துக் குறிவைப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் கண நேரத்தில் பளார் என்று அறைந்தவன் ‘இன்டென்ஷனலி’ அறைந்தான். நிறுத்துப் பார்க்க அவனுக்கு நேரமே இல்லை. அதனால் ‘டெலிபரேட்லி’ அவனுக்குப் பொருந்தாது.

‘டெலிபரேட்’டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: நிதானமாக, அவசரப்படாமல். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர் கன்டெய்னரைப் பூப்போல இறக்குவதையும் ‘டெலிபரேட்லி’ என்று எழுதலாம். விபத்து ரிப்போர்ட்டில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள். ‘ஸ்லோலி அண்ட் கேர்ஃபுல்லி’ என்று தெளிவாகப் போடுங்கள். படிக்கிறவர் ‘வேண்டுமென்றே இறக்கினார்’ என்று எடுத்துக்கொண்டால் ஆபரேட்டர் பிழைப்பு போய்விடும். உச்சரிப்பிலும் கவனம் தேவை. யோசிப்பதைச் சொல்லும் வினைச்சொல் ‘டெலிபரேட்’ என்று நீளும், இந்த உரிச்சொல் ‘டெலிபரட்’ என்று கடைசியில் குறுகும்.

‘பர்ப்பஸ்லி’ என்றால் வேண்டுமென்றே. ‘பர்ப்பஸ்ஃபுல்லி’ என்றால் ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு, குறியாக. விடிகாலை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏல இடத்தை நோக்கி நடக்கும் மீன்காரம்மாவின் நடை ‘பர்ப்பஸ்ஃபுல்’. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டாவதைத்தான் எழுத நினைக்கிறார்கள், முதலாவதை எழுதிவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: பழி சுமந்த சொற்களைத் தள்ளி வையுங்கள்

இதுவரை பார்த்த சொற்கள் நடந்ததைச் சொல்பவை. ‘வில்ஃபுல்’, ‘வான்டன்’ இரண்டும் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்பவை. அடம் பிடிக்கும் குழந்தையை ‘வில்ஃபுல் சைல்டு’ என்பார்கள். அதில் தொடங்கி, கோர்ட் உத்தரவை மதிக்காமல் இருப்பது வரை இந்தச் சொல் போகிறது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் சிவில் அவமதிப்பு என்பதே ‘வில்ஃபுல்’ ஆகக் கீழ்ப்படியாமைதான். பேங்க்குகள் ‘வில்ஃபுல் டிஃபால்ட்டர்’ என்று சொல்வது, கட்ட வசதி இருந்தும் கட்டாதவரைப் போன்ற ஆட்களை. வேலை போய்த் தவணை நின்றுபோனவர் பேங்க்குக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சொல் எந்த உருவத்திலும் வரக்கூடாது. எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ் வழக்குக்கு நடுவில் ஒரு ‘எல்’, அமெரிக்க வழக்குக்கு இரண்டு. அர்த்தம் ஒன்றேதான்.

‘வான்டன்லி’ அதைவிடக் கடுமை. எந்தக் காரணமும் இல்லாமல், பிறருக்கு என்ன ஆனால் என்ன என்று செய்வது. கலவரம் தூண்டும் குற்றத்தைச் சொல்லும்போது சட்டம் பயன்படுத்தும் சொல் அது. ‘வான்டட்லி’யைத் திருத்தப் போய் இது வந்து விழுந்தால், மன்னிப்புக் கடிதம் குற்றப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

டிரெய்லர் தம்பிக்கு நாங்கள் இரண்டாவதாக எழுதிய பதிலில் ‘ரெஃப்யூஸ்டு’ என்பதையே எடுத்துவிட்டு ‘டிக்ளைன்டு’ (பணிவாக மறுத்தேன்) என்று போட்டோம். எத்தனை மணிக்கு, யாரிடம், பிரேக் பற்றி என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதினோம். மனநிலையைச் சொல்லும் சொல் ஒன்றுகூட வைக்கவில்லை. காரணம் கண்ணெதிரே இருக்கும்போது அது தேவையே இல்லை.

ஆறாம் படி: ‘இல்லை’ என்று மறுக்கும்போது

‘ஆக்ஸிடென்டலி’ என்றால் தற்செயல், என் பக்கம் தப்பு என்று சொல்லவில்லை. ‘இன்அட்வர்டென்ட்லி’ என்றால் கவனிக்காமல் விட்டேன். எண்ணம் இல்லை என்று மறுத்தாலும், கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறது. ‘பை மிஸ்டேக்’ என்றால் ஒன்றை இன்னொன்றாக நினைத்தேன். பில்லில் தப்பான நம்பர் அடித்த கேஷியருக்கு ‘இன்அட்வர்டென்ட்லி’ நன்றாகப் பொருந்தும். பணம் காணாமல் போன விஷயத்தில் அதை யோசிக்காமல் போடாதீர்கள். ‘ரிலக்டன்ட்லி’ என்றால் மனமில்லாமல் செய்தேன், ஆனால் செய்தேன். கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்ல அது போதாது. ‘அண்டர் கம்பல்ஷன்’ என்று எழுத வேண்டும்.

‘நானாகவே’ என்பதற்கு எல்லோரும் ‘ஆன் மை ஓன் அக்கார்ட்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆஃப் மை ஓன் அக்கார்ட்’ என்பதே சரி. ‘ஆன் மை ஓன்’ என்று மட்டும் எழுதினால் தனியாக, துணையில்லாமல் என்று ஆகும். கோர்ட் ‘தாமாக முன்வந்து’ வழக்கை எடுத்துக்கொண்டது என்று செய்தித்தாளில் வருகிறதே, அது ‘சுவோ மோட்டு’. அது அதிகாரம் உள்ள இடங்களுக்கான சொல். நம் சொந்தக் கடிதத்துக்கு ‘ஆன் மை ஓன் இனிஷியேட்டிவ்’ போதும்.

ஏழாம் படி: கையெழுத்துக்கு முன்னால் தமிழில் படித்துக் காட்டுங்கள்

யாருக்காக எழுதினீர்களோ அவருக்கு, அவர் பேசும் தமிழில், வரி வரியாக. போன வருடம் ஒரு ஆயா, தன் வீட்டைப் பேரனுக்கு எழுதிவைக்க ஒரு ஆங்கில நகல் கொண்டுவந்தார். வேறு இடத்தில் அடித்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. சுயநினைவோடும், பிறர் வற்புறுத்தல் இல்லாமலும், யாரும் கேட்காமலும் சொல்லாமலும் எழுதிக்கொடுக்கிறேன் என்று இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஆயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“யாரும் சொல்லலன்னு போடாத தம்பி. என் பொண்ணு சொன்னா. ஒரு மாசம் யோசிச்சேன். சரின்னு பட்டுச்சு, குடுக்கறேன்.”

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 14ஆம் பிரிவும், சம்மதம் சுதந்திரமானதாக இருக்க, யாரும் யோசனை சொல்லியிருக்கக் கூடாது என்று கேட்கவில்லை. மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்த் தகவல், பிழையான புரிதல், இவற்றால் வந்த சம்மதமாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்கிறது. அதனால் ‘வித்தவுட் எனி ரெக்வெஸ்ட் ஆர் சஜெஷன்’ என்பதை அடித்தேன். ‘வித்தவுட் கோயர்ஷன் ஆர் அண்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்’ என்று போட்டேன். அதற்கு முன்னால் ‘ஆஃப்டர் டியூ டெலிபரேஷன்’ என்று சேர்த்து, “ஒரு மாசம் நல்லா யோசிச்சுன்னு போட்டிருக்கேன் ஆயா” என்றேன். இன்னொரு தடவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேப்பரை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, பத்திர எழுத்தரைப் பார்க்கக் கிளம்பினார்.